வரப்பு வழியே போன பொங்கப்படி

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் தென்காசிக்காரன். தங்கையை ஐந்து மைல் தள்ளிச் செங்கோட்டையில் கட்டிக்கொடுத்தோம். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. வீட்டில் பேசுவது தமிழ், சர்க்கார் கச்சேரியில் எழுதுவது மலையாளம். நடுவில் சோதனைச்சாவடி. நம் பக்கத்து அரிசி எல்லை தாண்டக் கூடாது. எந்த மூட்டையைக் கண்டாலும் குத்தூசியைச் சொருகிப் பார்ப்பார்கள்.

பொங்கப்படிக்கு மட்டும் விலக்கு உண்டு என்றார்கள். பிறந்த வீட்டுச் சீரல்லவா? மேலே மஞ்சள்குலையும் தோளில் கரும்புமாக வருகிறவனைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்களாம். நான் நம்பவில்லை. யாராவது அதட்டிக் கேட்டால் எனக்கு நாக்கு எழும்பாது.

தங்கையின் தலைப்பொங்கலுக்குக் கரும்பையும் மஞ்சளையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். அரிசியைச் சாக்கின் அடியில் போட்டு மேலே பனங்கிழங்கை அடுக்கினேன். இலஞ்சிக்குப் பாதை பிரியும் விலக்கு வந்ததும் ரோட்டை விட்டு வயல் வரப்பில் இறங்கினேன். சாவடிக்காரர் இருவர் அங்கே வந்து மறித்தார்கள். ஒருவர் சிரித்தார்.

"வாரும் வே. காலையிலேருந்து உம்மத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம்."

அரிசி போயிற்று. அந்த ஒரு சொல் என்னுள் தங்கிவிட்டது. நான் வருவது இவர்களுக்கு எப்படித் தெரியும்? தங்கை வீட்டுக்காரர் சாவடி ஆட்களோடு தினமும் டீ குடிப்பவர். வேறு யார் சொல்லியிருப்பார்? நேரே போய், "ஒம் புருசன்தான் காட்டிக்கொடுத்திருக்கான்" என்று தங்கையிடம் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள். அதோடு போக்குவரத்து நின்றது.

பிறகு செங்கோட்டை நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது. மிட்டாய் கொடுத்தார்கள். சாவடி புது எல்லையான புளியறைக்குப் போனது. பழைய தடுப்புக்கம்பம் இருந்த இடத்தில் எருமைகள் படுத்திருந்தன. எல்லை போயும் என் சந்தேகம் போகவில்லை. செங்கோட்டைச் சந்தையில் எவர் சிரித்தாலும் என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன்.

போன சாரல் காலத்தில் குற்றாலத்தில், தலையில் எண்ணெய் வழிய அருவிக்கு நின்ற ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். அன்று சிரித்த சாவடிக்காரர்.

"பனங்கிழங்குக்காரர்தான வே? உம்ம மாப்ள முந்தின நாளே வந்து, 'மச்சான் பொங்கப்படி கொண்டு வாராரு, கூச்சப்படுத ஆளு, ஒண்ணும் கேக்காம விட்டுருங்க'ன்னாரு. நாங்க ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கோம். நீரு களவாணி மாதிரி வரப்புல பதுங்கி வந்தா என்ன செய்யச் சொல்லுதீரு?"

அதையும் உடனே நம்பவில்லை. மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருப்பாரோ? வீடு வந்து பல நாள் யோசித்தேன். அரிசியை ஒளித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை; வரப்பில் இறங்க முடிவுசெய்தது இலஞ்சி விலக்கில்தான். அதற்குமுன் எனக்கே தெரியாது. எனக்கே தெரியாததை இன்னொருவர் எப்படிக் காட்டிக்கொடுக்க முடியும்?

இன்று கரும்பும் மஞ்சள்குலையும் வாங்கிவிட்டேன். நாளை ரோட்டு வழியாகவே போவேன். கதவு திறக்குமா, தெரியாது. திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு இந்தத் தாளையும் மேலே வைத்து வருவேன்.

கொல்லம் ஆண்டு 1140 (இங்கிலீஷுக்கு 1965), மார்கழி 27.