இட்லித் துணியும் அப்பா பெயரில் இருந்த வீடும்

நான் ஆன்லைனில் விற்பது இட்லித் துணி. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். பழைய வேட்டியைக் கிழித்துத் தட்டில் போடுகிற ஊரில் இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நன்னிலத்தில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. வாங்குகிறார்கள். புதுக் காடாத் துணியைக் கஞ்சி போக அலசி, வட்டமாக வெட்டி, ஓரம் தைத்து, பாக்கெட் போட்டு அனுப்புகிறேன்.

முதலில் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் விற்றேன். என்னைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு மாநிலத்துக்குள் விற்கிறவரை ஜிஎஸ்டி எண் தேவையில்லை. ஒரு பதிவு எண் எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் பழைய வேட்டி இல்லாத வீடு இங்கே எது? பெங்களூருக்கும் புனேவுக்கும் குடிபோன நம் ஆட்களுக்குத்தான் இது கிடைப்பதில்லை. "எங்க ஊருக்கு அனுப்புவீங்களா?" என்று அவர்கள்தான் விடாமல் கேட்டார்கள். ஓசூரைத் தாண்டி ஒரே ஒரு பாக்கெட் போக வேண்டுமென்றாலும், நான் விற்கிற ஆன்லைன் தளத்தில் ஜிஎஸ்டி எண் கட்டாயம். ஜிஎஸ்டிக்கான வருட விற்பனை வரம்புக்குப் பக்கத்தில்கூட நான் வரமாட்டேன். ஆனாலும் கட்டாயம்.

தஞ்சாவூரில் வரிக்கணக்கு பார்க்கும் ஒருவரிடம் போனேன்.

"தொழில் நடக்கிற இடத்துக்கு ஆதாரம் வேணுங்க. கரண்ட் பில் இல்லேன்னா வீட்டு வரி ரசீது. யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்ல."

"அப்பாகிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க."

அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அவர் பெயருக்கு வருகிற கரண்ட் பில்லையும் வீட்டு வரியையும் நான் ஒழுங்காகக் கட்டிவருகிறேன். எங்கள் ஊரில் பாதி வீடுகள் இப்படி இறந்தவர்கள் பெயரில்தான் ஓடுகின்றன. சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். பெயர் மாற்றப் போகிறவர் பங்கு கேட்கப் போகிறார் என்று அர்த்தம். அதனால் யாரும் முதலில் போவதில்லை.

கணவர் இறந்த பிறகு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். அம்மாவும் போனபின் தனியாக இருக்கிறேன். ஒரே அண்ணன், தஞ்சாவூரில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டார். இந்த வீடு யாருடையது என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்காததால்தான் நிம்மதியாக இருந்தேன். கேட்டால் வீடும் போகலாம், அண்ணனும் போகலாம். அந்தப் பயம் எனக்கு நிறையவே இருந்தது.

கணக்கு பார்ப்பவர் இரண்டு வழி சொன்னார். அண்ணன் பெயருக்கு மாற்றி, அவர் எனக்கு வாடகை ஒப்பந்தம் எழுதித் தரலாம். அல்லது வாரிசுகள் இருவர் பெயருக்கும் மாற்றி, அண்ணன் எனக்குச் சம்மதக் கடிதம் தரலாம். போனில் அண்ணனிடம் இரண்டையும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார், வாடகை ஒப்பந்தத்தை டைப் அடித்துக்கொண்டு.

"வாடகையெல்லாம் நீ ஒண்ணும் தர வேணாம். சும்மா பேப்பருக்குத்தான்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எரிச்சலே அதனால்தான். உரிமையாளர் என்ற இடத்தில் அவர், வாடகைதாரர் என்ற இடத்தில் நான். தவழ்ந்து வளர்ந்த வீட்டில் குடியிருக்க வந்தவளாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நான் வாடகைக்கு இல்லண்ணே. ரெண்டு பேர் பேருக்கும் மாத்துவோம்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஜிஎஸ்டிதான்."

அவர் சிரிக்கவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

சம்பா நடவு முடியும்வரை பேச்சே இல்லை. அண்ணிதான் போன் செய்தார். "ஒரு இட்லித் துணிக்காகவா வீட்டைக் கேக்குறே?"

"வீட்டைக் கேக்கல அண்ணி. என் பாதியைத்தான்." சொல்லிவிட்டு நானே போனை வைத்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் பெயர் மாற்ற அண்ணனே பேரூராட்சி அலுவலகத்துக்கு வந்தார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார், சம்மதக் கடிதத்திலும் போட்டார். "வீட்டுக்கு வந்துட்டுப் போங்கண்ணே" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அந்தத் தடத்தில் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை.

ஜிஎஸ்டி எண் வந்தது. வாசலில் பெயரும் எண்ணும் எழுதிய பலகை வைக்க வேண்டும் என்பது விதி, வைத்தேன். விற்பனை இல்லாவிட்டாலும் இல்லை என்று கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தாமதித்தால் அபராதம். இப்போது பெங்களூருக்குத்தான் அதிகம் போகிறது.

பொங்கலுக்கு முன்னால் அண்ணன் வந்தார். கட்டிக்கொடுத்த வீட்டில் நான் இருந்தவரை வருடம் தவறாமல் சீர் கொண்டுவந்தவர். பிறந்த வீட்டுக்கே திரும்பியவளுக்கு எங்கிருந்து சீர் வரும்? அது நின்றுபோயிருந்தது. அதன்பிறகு பொங்கலன்று சும்மா வருவார், நேரே அடுக்களைக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்ப்பார், சாப்பிடுவார்.

இந்த முறை கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம் எல்லாம் கொண்டுவந்திருந்தார். பலகையைக் கொஞ்ச நேரம் படித்தார். படியேறவில்லை.

"வரலாமா?" என்று கேட்டார்.

ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. ஆனால் பிறந்த வீட்டுக்குள் வர அண்ணன் என்னிடம் அனுமதி கேட்கிறார். அழுதுகொண்டே கரும்பை வாங்கிக்கொண்டேன்.