ஒன்பது முறை மூடிய எச்சரிக்கை

கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் கணினி பழுதுபார்ப்பவர் என் கணினியைத் திருப்பிக் கொடுத்தது ஒரு புதன்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். புதனையும் சேர்த்தால் ஆறு நாள் இருந்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு உருக்கும் ஆலை இன்னும் இரண்டு ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கேட்டிருந்தது. நெல் பயிரிடும் பதினோரு பேர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தண்ணீர் இறங்குகிறது என்று அத்தனை பேரும் சொன்னார்கள். எத்தனை அடி, எந்த மாதத்திலிருந்து என்று கேட்டால் சொல்ல ஒருவரிடமும் எண் இல்லை, என்னைத் தவிர.

நான் நில அளவைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டுப் பின்புறக் கிணற்றில் தினமும் காலை ஆறு மணிக்கு, நுனியில் குண்டு கட்டிய அளவு நாடாவை இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் தட்டுகிறது என்று குறித்துக்கொள்வேன். எட்டு வருடமாக இதைச் செய்கிறேன். முதலில் நோட்டுகளில் எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் என் மனைவி பதினாறு நோட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். பூச்சி அரித்த நோட்டுகள்தான், நானும் தடுக்கவில்லை. ஒரு நகல் பென் டிரைவில் இருந்தது.

அந்த மாதம் என் கணினித் திரையின் வலது மூலையில் சிறு பெட்டிகள் முளைக்க ஆரம்பித்தன. 'உங்கள் கணினிக்கு ஆபத்து, இங்கே அழுத்துங்கள்' என்றது ஒன்று. அழுத்தினேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் இருபத்துமூன்று பெட்டிகள் வந்தன. கடைக்காரரிடம் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்து சுத்தம் செய்து கொடுத்தார்.

"பென் டிரைவ்லயும் வைரஸ் இருந்துச்சு சார். அதையும் சேத்து அழிச்சிட்டேன்" என்றார்.

"அதில் என் கணக்கு இருந்ததே?"

"கம்ப்யூட்டர்ல கீது இல்ல? அது போதும். இனிமே மூலையில இன்னா பொட்டி வந்தாலும் படிச்சிக்கினு நிக்காதீங்க. டக்குனு மூடிடுங்க. படிக்கப் போய்த்தான இந்த பேஜாரு."

வீட்டுக்கு வந்து கணினியைப் போட்டேன். கடவுச்சொல்லைத் தட்டியதும் உள்ளே போக நான்கு நிமிடம் ஆனது. முன்பு இருபது விநாடிதான் ஆகும். திறந்த திரை என்னுடையது அல்ல. வெறும் நீலம். என் கோப்புகள் ஒன்றும் இல்லை. மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. கடைக்காரர் சொன்னபடி படிக்காமல் மூடினேன். அணைத்துவிட்டு மறுபடியும் நுழைந்தேன். அதே நீலம், அதே பெட்டி. அதையும் மூடினேன்.

கடைக்காரருக்குப் பேசினேன். "கிளீன் பண்ணா அப்பிடித்தான் சார் இருக்கும், உள்ளதான் எங்கயாவது இருக்கும், தேடிப் பாருங்க" என்றார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. மறுநாள் நேரில் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. ஆடி மாதம், குடும்பத்தோடு பெரியபாளையம் கோயிலுக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார் பக்கத்துச் சாவிக்கடைக்காரர். கூட்டத்துக்கு முந்தின நாள். எட்டு வருடக் கணக்கை அழித்துவிட்டு ஒருவர் கோயிலுக்குப் போகிறார் என்றால், அந்த நாளை யார் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

சந்தேகப்பட எனக்கு ஒருவர் வீட்டிலேயே இருந்தார். மாடியில் குடியிருந்தவர். நாற்பது வயது இருக்கும், மனைவியும் ஒரு பெண் குழந்தையும். அதே ஆலையில்தான் வேலை. அதிலும் கணினிப் பிரிவு. கணினி கடையில் இருந்தபோது மாடிப்படியில் நின்று, "இன்னா சார், கம்ப்யூட்டர காணோம்?" என்று கேட்டவர். என் மேசைப் பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால்தானே அது இல்லாதது தெரியும்?

வியாழக்கிழமை காலை, நினைவில் இருந்த அளவுகளைத் தட்டி வைத்தேன். ஒவ்வொரு வருடமும் தை முதல் தேதி, ஆடி முதல் தேதி, அன்றைய காலை அளவு. மொத்தம் பதினேழு எண். சேமித்து, அணைத்தேன். மாலையில் திறந்தால் நீலம் மட்டும் இருந்தது. பதினேழும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் தட்டினேன். அணைத்த பிறகு மவுஸை மேசையில் பென்சிலால் கோடு கிழித்து அதன் மேல் வைத்தேன். விசைப்பலகை மேல் ஒரு வேப்பிலை. மாலையில் மவுஸ் கோட்டின் மேல் இருந்தது. இலை இருந்த இடத்தில் இருந்தது. எண்கள் இல்லை.

அறைக்குள் யாரும் வரவில்லை. ஆனாலும் அழிகிறது. அப்படியானால் கம்பியில்லாமல் வருகிறார்கள். வீட்டு இணையத்தை மாடிக்கும் பகிர்ந்திருந்தேன். போய் இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். ஐந்து நிமிடத்தில் மாடிக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

"நெட்டு வரலையே சார்."

"ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டதா?"

"பாப்பா கார்ட்டூன் பாத்துக்கினு இருந்துச்சு, நின்னுடுச்சு. அழுவுது."

"கணினியில் வைரஸ் வந்து, சுத்தம் செய்து, கணக்கெல்லாம் போய்விட்டது. இணையம் இப்போதைக்குக் கிடையாது" என்றேன். முகத்தைக் கவனித்தேன்.

"நான் வேணா பாக்கட்டுமா சார்?"

"வேண்டாம்."

அவர் போன பிறகு மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள்: "கொழந்தைய அழ வச்சாச்சு. எத்தினி தடவ அழுவுதுன்னு அதையும் எழுதி வைங்க."

சனிக்கிழமை முழுக்க இணையம் இல்லை. ஜன்னலையும் சாத்தினேன். காலையில் தட்டிய பதினேழு எண்களும் மாலையில் இல்லை. அப்போதாவது மாடிக்காரர் மேல் சந்தேகம் விட்டிருக்க வேண்டும். எனக்கு விடவில்லை. நமக்குத் தெரியாத வேறு வழி அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றியது. ராத்திரி மனுக்காரர்களில் மூத்தவர் போன் செய்து, "ஐயா, உங்க கணக்க நம்பித்தான் போறோம். அது இல்லன்னா நாங்க சும்மா கூச்சல் போட்டுட்டு வரணும்" என்றார். தயாராக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

ஞாயிறு காலை, என்னைக் கேட்காமலே மனைவி மாடிக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள். "தம்பி, நீ வந்து பாருப்பா. இவரு சரியா சாப்புட்டு நாலு நாளாச்சு."

அவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடவுச்சொல்லைத் தட்டும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவராகவே திருப்பினார். நீலத் திரை வந்தது. மூலையில் பெட்டி வந்தது. மூடினேன்.

"இருங்க சார். இப்ப இன்னா மூடினீங்க?"

"வைரஸ்."

"அது வைரஸ் இல்ல சார். எத்தினி தடவ இத மூடியிருப்பீங்க?"

"இதோடு ஒன்பது."

அவர் சிரிக்கவில்லை. எங்கோ அழுத்தி, மூடிய அறிவிப்பை மறுபடியும் வரவழைத்துப் படிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்தது. நீங்கள் தற்காலிகப் பயனர் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள், உங்கள் கோப்புகளை இங்கே பார்க்க முடியாது, இங்கே உருவாக்குவதெல்லாம் வெளியேறியதும் அழிந்துவிடும் என்று எழுதியிருந்தது. எனக்கு ஆங்கிலம் நன்றாகவே படிக்க வரும்.

"உங்க ரூம் பூட்டு கெட்டுப்போச்சு சார்" என்றார். "அதனால கம்ப்யூட்டர் உங்கள லாட்ஜ்ல தங்க வச்சிருக்கு. தெனம் நீங்க காலி பண்ணதும் லாட்ஜ்காரன் ரூம கூட்டிடறான். நீங்க எழுதினதெல்லாம் குப்பையோட போவுது."

"என் அறை?"

"அது அப்பிடியே கீது. வைரஸ எடுக்கும்போது கடைக்காரர் பூட்டுக்குப் பக்கத்துல கைய வச்சிட்டாரு, அவ்ளோதான்."

திரையில் மஞ்சள் உறை போன்ற ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். என் பெயரில் உள்ள உறை. உள்ளே என் கோப்புகள் எல்லாம் இருந்தன. முதலில் அதை அப்படியே டி டிரைவில் ஒரு நகல் எடுத்தார். நகல் வேறு எங்கும் போகிறதா என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கணினியின் உள் பதிவேட்டைத் திறந்தார். ஒரே நீள எண் இரண்டு வரியில் இருந்தது. ஒன்றின் கடைசியில் மட்டும் மூன்று எழுத்து அதிகம். அதுதான் என் பழைய பயனர் கணக்கு, கணினி அதை ஓரங்கட்டி வைத்திருக்கிறது என்றார். இரண்டின் பெயரையும் மாற்றினார். பதினான்கு அழுத்தல். ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டேன். கணினியை அணைத்துப் போட்டோம். இருபது விநாடியில் என் திரை வந்தது.

"ஃபைலு நல்லா தொறக்குதா பாத்துடலாம்" என்று கிணற்றுக் கோப்பை அவரே திறந்தார்.

அந்தக் கோப்பில் இரண்டு பக்கங்கள். கடைசியாக நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம்தான் முதலில் திறக்கும். அது எனக்கு நினைவில்லை. திறந்த பக்கத்தின் தலைப்பு 'மாடி'.

மாடியில் மோட்டார் ஓடிய நிமிடங்கள். வந்த விருந்தாளிகள். அவர் வேலையிலிருந்து திரும்பிய நேரம். கம்பெனி வண்டி வாசலில் நின்ற நாட்கள், மொத்தம் மூன்று. ஒரு வருடத்துக்கு மேலாக எழுதியது. அவர் மேலிருந்து கீழ்வரை படித்தார். நான் கையை நீட்டி மூடியிருக்கலாம். நீட்டவில்லை.

"ஆடி ஒண்ணாந்தேதி நாலு பேர்னு போட்டிருக்கீங்க" என்றார். "அஞ்சு. மாமியார் உள்ள படுத்துக்கினு இருந்தாங்க, வெளிய வரல."

நான் அந்த வரியைப் பார்த்தேன்.

"கம்பெனி வண்டி மூணு தடவயும் கேட்ல கீற அட்டெண்டன்ஸ் மிஷின் ரிப்பேருக்கு என்னைய கூட்டினு போக வந்துச்சு. அதையும் எழுதிக்குங்க."

அடுத்த பக்கத்தைத் திறந்தார். கிணறு. முதல் வரியில் பதினான்கு அடி, கடைசி வரியில் முப்பத்துமூன்று அடி. மெதுவாக இறக்கிக்கொண்டே போனார். ஆலை போன முறை ஆழ்துளைக் கிணறு போட்ட மாதம் வந்ததும் கொஞ்சம் நின்றார். எந்த மாதம் என்று நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

"சார், இத இன்னொரு பென் டிரைவ்ல போட்டு யார்கிட்டயாவது குடுத்து வைங்க. என்கிட்ட வேணாம்." எழுந்தார். "இன்னிக்கு நான் கீழ வந்தத எழுதாதீங்க. பதினாலு கிளிக்குன்னு எழுதினீங்களே, அந்த பேப்பரையும் கிழிச்சிடுங்க. எனக்கு வேல போயிடும்."

அதுவரை நான்தான் அவருக்குப் பயந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளைக் கிழித்தேன். அவர் பார்க்கும்படி நான்காகக் கிழித்தேன். இணையத்தையும் திரும்பக் கொடுத்தேன். அவர் போனதும் கடவுச்சொல்லை மாற்றினேன்.

செவ்வாய்க்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஆலை மூன்று வேன்களில் தன் ஆட்களைக் கூட்டி வந்திருந்தது. மூன்றாவது வரிசையில் மாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து தாள்களில் அச்சடித்த அளவுகளை அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆலையின் சார்பில் வந்தவர் எழுந்தார்.

"பெரியவர் கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்து சர்வீஸுக்குப் போனதா கேள்விப்பட்டோம். அதுக்கப்புறம் இந்த ஃபைல யாரு எடுத்துக் குடுத்தது? வேற ஆளு கை வச்ச கணக்க எப்படி ஏத்துக்கறது?"

யார் சொல்லியிருப்பார்கள் என்பதுதான் முதலில் வந்த எண்ணம். பதில் சொல்ல வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. மாடிக்காரர் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "பூட்டு கெட்டிருந்தது. நானே சரிசெய்தேன்."

"நீங்களா? எப்படி?"

ஒரே நீள எண் இரண்டு வரியில் இருந்ததிலிருந்து பதினான்கு அழுத்தலையும் வரிசையாகச் சொன்னேன். தாள் கிழிந்தாலும் எண்கள் எனக்கு மறந்துபோகாது. ஒன்பதாவதில் அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். அறுபத்தைந்து கையெழுத்து. அளந்தது பொய் இல்லை. சரிசெய்தது நான் என்று சொன்னது பொய். வேலையில் இருந்த முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு தாளிலும் அப்படிக் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆழ்துளைக் கிணறுகளுக்கான அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. ரத்து இல்லை, நிறுத்திவைப்புதான். மாடிக்காரர் அடுத்த சித்திரையில் காட்டுப்பள்ளிப் பக்கம் வேறு வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்தார். இதை எழுதலாமா என்று போனில் கேட்டபோது, "இப்ப இன்னா சார், எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

சாமான் ஏற்றிய அன்று, வேன் பக்கத்தில் நின்று அவரிடம் கேட்டேன். வைரஸ் வந்த விஷயத்தை ஆலைக்கு யார் சொன்னது?

"நீங்கதான் சார்" என்றார். "கடையில, சாவிக்காரர்கிட்ட, டீக்கடையில, எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிக்கினு இருந்தீங்க. ஊர்ல ஒரு ஆளு வாய்க்குப் போனா கம்பெனிக்குப் போறதுக்கு எம்மா நேரம்?"

வேன் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். அந்த வாரம் நான் ஏழு பேரிடம் சொல்லியிருந்தேன். அந்த ஏழு பேரில் அவரும் ஒருவர்.