செவலையைப் பிரித்துக் கட்டிய நாள்

அவளை எல்லோரும் மாட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுப் போடும் நாளில் மட்டும் வெளியே வரும். ஊர் முடியும் இடத்தில் இருந்த மாட்டுப் பண்ணையில் வேலை. கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. யாராவது அதைப் பற்றி இழுத்தால், "இத்தனை மாட்டோட மல்லுக்கட்டறது போதாதா?" என்று சிரித்துவிடுவாள்.

மாடு என்றால் புல்லும் சாணியும்தான் என்று நினைப்பவர்களை ஒரு நாள் அந்தப் பண்ணையில் நிறுத்திவைக்க வேண்டும். அங்கே கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கும் வழக்கம் இல்லை. மந்தை மேய்ச்சலுக்கு இறங்கியதும் கன்றுகள் எல்லாம் வேலியோரம் மரநிழலில் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு மாடுகள் காவலுக்கு நின்றுவிடும். மற்றவை வெகுதூரம் போய் நிம்மதியாக மேயும். தெருநாய் எட்டிப் பார்த்தால் போதும், காவல் மாடு தலையைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் வந்துவிடும். பசித்த கன்று வந்து முட்டினால் யார் பிள்ளை என்று பார்க்காமல் மடி கொடுப்பவையும் உண்டு, காலை உதறுபவையும் உண்டு. தாய் திரும்பி வந்து குரல் கொடுத்ததும் காவல் மாடு தன்பாட்டுக்கு ஒதுங்கி மேயப் போய்விடும். மனிதர்கள் ஒரு குடும்பத்தில் இதைச் செய்துமுடிப்பதற்குள் நாலு பஞ்சாயத்து கூட்ட வேண்டியிருக்கும்.

மாட்டக்காவின் வீட்டில் தங்கையின் மகள் வளர்ந்தாள். தங்கையின் கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதால், தங்கை தூர ஊரில் ஒரு தையல் ஆலையில் சேர வேண்டியிருந்தது. ஆலை விடுதியில் குழந்தைக்கு இடமில்லை. தவழத் தொடங்கியிருந்த குட்டியை அக்காளின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

குட்டிக்குப் பேச்சு வந்தது. பெரியம்மாவை "அம்மா" என்றாள். எப்போதாவது வந்துபோகும் தாயை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு "சித்தி" என்றாள். மாட்டக்கா திருத்தவில்லை. சின்னப்பிள்ளைதானே, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். உண்மை என்னவென்றால், "அம்மா" என்ற அந்தக் குரல் காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

இப்போது தங்கை திரும்பி வந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில் வேலை, கடைக்கு மேலேயே ஓர் அறை. ஜன்னலோரம் சின்னக் கட்டில்கூடப் போட்டுவிட்டாள். குட்டி போக வேண்டியதுதான் பாக்கி. அவள்தான் போகமாட்டேன் என்கிறாள். அதுவரை தங்கை இங்கேயே அக்காளோடு தங்கிக்கொண்டாள். கை நீட்டினால் குட்டி பெரியம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். சோறு பிசைந்து கொடுத்தால் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அழுதால், தங்கை எழுந்திருப்பதற்குள் மாட்டக்கா ஓடிப்போய்த் தூக்கிவிடுவாள்.

"கொஞ்சம் அழட்டும்க்கா. நான் தூக்கறேன்."

"உன் கை அவளுக்குப் பழக்கமில்லம்மா. கொஞ்ச நாள் போகட்டும்."

தங்கை எதிர்த்துப் பேசும் ரகம் இல்லை. மூஞ்சி மட்டும் வாடிப்போகும். மாட்டக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் குட்டியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள்.

அன்று காலை குட்டி கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. மாட்டக்கா பண்ணைக்குப் போகத் தாமதமாயிற்று. நிறைசினை மாடுகளை ஈற்றுக்கு முன்பே தனியாகப் பிரித்துக் கட்டுவது அவள் பொறுப்பு. முந்தின நாளே செவலை என்ற மாட்டைப் பிரித்திருக்க வேண்டும். அதுவும் தள்ளிப்போயிருந்தது.

அவள் போனபோது வேலியோரம் ஒரு கிடாரி தலைக்கன்று ஈன்றிருந்தது. ஆனால் கன்றை நக்கிக்கொண்டிருந்தது செவலை. நிறைவயிற்றோடு, தன் ஈற்று வருவதற்கு முன்பே தாய்மை பொங்கிவிட்ட மாடு. அடுத்தவள் கன்றைத் தன்னுடையது என்று அணைத்துக்கொண்டுவிட்டது. பெற்றவள் சின்னவள். மந்தையில் செவலைக்கு முன்னால் வாலாட்டக்கூட அவளுக்குத் தைரியம் கிடையாது. பால் கட்டிய மடியோடு சுற்றிச்சுற்றி வந்தாள். கிட்டே வந்தால் செவலை கொம்பைக் காட்டியது. கன்று தள்ளாடி எழுந்து செவலையின் மடியில் முட்டிமுட்டிப் பார்த்தது. அதில் இன்னும் சீம்பால் இறங்கவில்லை.

கறவைக்காரர் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "செவல நல்ல மாடுதான்க்கா. பாசம் ஜாஸ்தி."

"பாசந்தான்," என்றாள் மாட்டக்கா. "கன்னுக்குச் சீம்பால் வேணுமே. பொழுது சாயறதுக்குள்ள குடிக்கலேன்னா இது தேறாது."

"கன்னைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டா?"

"செவல கண்ணுல படற வரைக்கும் கன்னு பெத்தவகிட்ட ஒட்டாது. செவலயத்தான் கொண்டுபோகணும்."

செவலை லேசில் நகரவில்லை. கயிறு போட்டு இழுத்து, பின்னால் கறவைக்காரர் தள்ளி, தீவனக் கிடங்குக்கு அப்பால் கொண்டுபோய்க் கட்டினார்கள். அங்கிருந்து அது கத்திய கத்தல் பண்ணை முழுவதும் கேட்டது. மாட்டக்கா அதன் கழுத்தில் கை வைத்தாள். காவலுக்கு மட்டும் நின்றிருந்தால் இதைவிட நல்ல மாடு மந்தையில் கிடையாது. நாம் செய்வதும் இதுதானே என்று அப்போது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பார்த்துக்கொள்ளச் சொன்ன பிள்ளை. பெற்றவள் கிட்டே வரும்போதெல்லாம் நான் குறுக்கே நிற்கிறேன். வெட்கத்தில் முகம் கொதித்தது. மாட்டின் முதுகில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

அந்தப் பக்கம் கிடாரி கன்றை முகர்ந்தது, விலகியது, மறுபடி வந்து நக்கத் தொடங்கியது. உச்சிவேளையில் கன்று மடியைக் கவ்விக் குடித்தது.

வீட்டுக்குப் போனதும் மாட்டக்கா துணிகளைப் பையில் அடுக்கினாள்.

"ஈத்துக் காலம். பண்ணையிலயே தங்கணும்," என்றாள்.

தங்கை அவளையே பார்த்தாள். ஈற்றுக் காலம் வருஷா வருஷம் வருகிறது, ஒரு தரமும் அக்காள் தங்கியதில்லை.

"குட்டி அழுவாளேக்கா."

"அழுவா. அதான் அம்மா நீ இருக்கியே."

குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். முத்தம் கொடுத்தால் விழித்துவிடுவாள் என்று கொடுக்காமலே கிளம்பினாள்.

மறுநாளே தங்கை குட்டியைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்கு வந்துவிட்டாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். பக்கத்தில் சோற்று டப்பா. குட்டி அழுது அழுது குரலே கம்மிப்போயிருந்தது. தீவனக் கிடங்குக்குள் இருந்த மாட்டக்காவுக்கு அந்தக் குரல் அப்படியே கேட்டது.

"நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடலையாம்," என்று கறவைக்காரர் வந்து சொன்னார்.

"நான் இல்லேன்னு சொல்லுங்க."

"அக்கா, பச்சப்புள்ள."

"அதனாலதான் சொல்றேன். போங்க."

அவர் போனார். மாட்டக்கா தீவன மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் கேட்டது. எழுந்து கதவு வரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறந்தால் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும். திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் செய்த பெரிய வேலை அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்ததுதான்.

திரும்பப் போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அழுகை மெல்ல மெல்லத் தேய்ந்தது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை.

கறவைக்காரர் உள்ளே வந்தார். "போயிட்டாங்கக்கா."

"சாப்பிட்டாளா?"

"கேட்டு வாசல்லயே உட்கார்ந்து அவங்கம்மா ஊட்டுச்சு. முதல்ல துப்பினா. அப்புறம் மடியிலேயே சாஞ்சுக்கிட்டு முழுசும் சாப்பிட்டா."

"போகும்போது இந்தப் பக்கம் பாத்தாளா?"

"இல்லக்கா. அவங்கம்மா தோள்ல படுத்துக்கிட்டா."

"நல்லது," என்றாள் மாட்டக்கா. எழுந்திருக்கக் கையை நீட்டினாள். அவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.