ஆளில்லாத முற்றம்

திரையில் படம் விழுந்ததும் எக்ஸ்ரேக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். சட்டைப்பையிலிருந்து மூலைமட்டம் போல வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகள் வெளியே வரும். அவற்றைச் சட்டமாகச் சேர்த்து முகத்துக்கு முன்னால் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டடி முன்னே போவார், ஓரடி பின்னே வருவார். "சார், உக்காருங்க, மறைக்குது" என்று பின்வரிசை முனகும். அவர் காதில் ஏறாது. "இந்த ஓரத்த வெட்டுங்க. அந்தச் சைக்கிள் எதுக்கு? அது போனாத்தான் படம் நிக்கும்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகே உட்காருவார்.

டயர் கடைக்கு மேலே, ஜன்னல்களைப் போர்வையால் மூடிய அறையில் ஞாயிறு காலைகளில் அந்தச் சங்கம் கூடுகிறது. அங்கே யாருக்கும் படம் எடுப்பது பிழைப்பு அல்ல. தலைவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இடிந்த கோட்டைச் சுவரைக் கண்டால் கண் கலங்கிவிடும் மனிதர். மாட்டு டாக்டர் பறவைகளைத் தவிர வேறெதையும் எடுக்கமாட்டார். பூட்டு டீச்சருக்குத் துருப்பிடித்த எதுவானாலும் போதும். ஒரே ஒரு கட்டுப்பாடு எல்லோருக்கும் உண்டு. யாருடைய படம் திரையில் இருக்கிறதோ அவர் வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் பிரித்து மேய்ந்து முடித்ததும் தலைவர் "எடுத்தவர் பேசலாம்" என்பார். அதுவரை நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மாட்டு டாக்டர் ஒருமுறை பாழடைந்த மண்டபம் ஒன்றைக் காட்டி, மூலையில் தெரிந்த வெள்ளைப் புகையை விரலால் தொட்டு, "இது என்னவோ சார், எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியல. உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு" என்றார். எக்ஸ்ரேக்காரர் விடவில்லை. "ஆவியும் இல்ல, கீவியும் இல்ல டாக்டர். லென்ஸ்ல உங்க கட்டைவிரல் ரேகை. செத்தவன் வந்து போஸ் கொடுக்கிறான்னு நம்புற ஆளு, மாட்டுக்கு எப்படி ஊசி போடுறீங்க?"

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலும் இதே கறார்தான். "சங்கிலி, ஊக்கு, தாயத்து, எல்லாத்தையும் கழட்டுங்க. மூச்ச இழுங்க. பிடிங்க… விடுங்க." தாயத்தைக் கழற்றத் தயங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரி வைத்திருக்கிறார். "பயப்படாம கழட்டுங்க. உங்க வலியவே ஓட்டத் தெரியாத தாயத்து, அதுமட்டும் எங்க ஓடிடப்போகுது?" நோயாளி சிரித்தால் "ஆடாதீங்க" என்று அதட்டுவார். படத்தில் வேண்டாதது எதுவும் விழக்கூடாது.

வீட்டில் அவர் எடுத்த படங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அருவி, கற்றூண், ஓடாத கடிகாரம், ஒற்றை மரம். "கல்யாணம் ஆனதுலேருந்து கூடவே பையத் தூக்கிட்டு அலையிறேன். இத்தன படத்துல என் முந்தானை நுனியாவது இருக்கா பாருங்க" என்பார் மனைவி. "அருவிக்கு நடுவுல நீ எதுக்கும்மா?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்படுவார்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே படம். மூடிப்போன ஆலையின் பழைய குடியிருப்பு. வளைவு வளைவாகத் தூண்கள், கல் பாவிய முற்றம், சுவர் வெடிப்பில் ஒரு செடி, மேலிருந்து சரிந்து விழும் வெயில். 'ஆளில்லாத முற்றம்' என்று பெயர் வைத்தார். பரிசு கிடைத்தது. நகர அலுவலகத்தின் கண்காட்சியிலும் மாட்டினார்கள். பார்த்தவர்களெல்லாம் "என்ன ஒரு அமைதி!" என்றார்கள். ஓர் இடம் அழகாக இருக்க வேண்டுமென்றால் ஏழை அங்கிருந்து எழுந்து போக வேண்டும். இந்தச் சட்டத்தை எந்தச் சபையும் இயற்றவில்லை. ரசிகர்கள் தாங்களாகவே கடைப்பிடிக்கிறார்கள்.

அந்தப் படத்தை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவதா என்று சங்கம் அலசிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தையல்காரப் பெண் உள்ளே வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இந்தப் படம்தாங்க. இதக் காட்டித்தான் எங்களத் தெருவுல நிறுத்தியிருக்காங்க."

"அம்மா, கூட்டம் நடக்குது" என்றார் தலைவர்.

அவள் நகரவில்லை. மழையில் ஒரு சுவர் சரிந்ததும், ஆபத்து என்று சொல்லிக் குடியிருப்பிலிருந்த எல்லோரையும் வெளியேற்றிப் பூட்டிவிட்டார்கள். நெடுநாளாக அங்கே குடியிருந்தவர்களுக்கு மட்டும் மாற்று வீடு. ஆலை மூடிய பிறகு வாடகைக்கு ரசீது கொடுக்க யாரும் இல்லை. கையில் ஒரு சான்றும் இல்லாமல் அலுவலகத்துக்குப் போனால், கண்காட்சிப் படத்தை எடுத்துப் போடுகிறார்கள். தேதி இருக்கிறது, முற்றம் இருக்கிறது, மனிதர்கள் இல்லை. பாழடைந்து கிடந்த கட்டடத்தில் படம் எடுத்ததற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று எழுதிவிட்டார்கள்.

"நீங்க எல்லாருமே அங்க வந்து எடுத்திருக்கீங்களே சார். வேற படம் இருக்கா? எங்கள்ல யாராவது, ஒரு பிள்ளையாவது, ஓரமா நிக்கிற மாதிரி?"

கம்ப்யூட்டரில் தேடினார்கள். மாட்டு டாக்டரிடம் ஆந்தை இருந்தது, புறா இருந்தது, ஓட்டின் மேல் உட்கார்ந்த கழுகும் இருந்தது. பூட்டு டீச்சரின் படத்தில் ஒரு பழைய கதவும் அதில் தொங்கும் பெரிய பூட்டும்.

"அது எங்க வீட்டுக் கதவு டீச்சர்" என்றாள் அவள். "நான் உள்ள தச்சிட்டு இருந்தேன். ஒரு நிமிஷம் வெளிய வந்து பூட்டிக் காட்டும்மான்னு நீங்கதான் கேட்டீங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

எக்ஸ்ரேக்காரரின் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. திரையில் மறுபடியும் அவர் படம் வந்திருந்தது, கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். தலைவர் தொண்டையைச் செருமினார். "நம்ம சங்கம் கலைக்கானது. அலுவலக விவகாரம் நமக்கு வேண்டாம். இன்னொண்ணு, எடுக்குற இடத்துல எதையும் மாத்தக்கூடாதுங்கிறது போட்டி விதி. மாத்தினோம்னு யாராவது சொல்லிட்டா பரிசும் போச்சு, சங்கத்தோட மானமும் போச்சு. யோசிச்சுக்குங்க. எடுத்தவர் பேசலாம்."

எக்ஸ்ரேக்காரர் எழுந்தார். "துணி காயப்போட்டிருந்த கொடிய அவிழ்க்கச் சொன்னது நான். குடத்தையெல்லாம் உள்ள வைக்கச் சொன்னது நான். படுத்த படுக்கையா ஒரு பெரியவர் இருந்தாரு. அவரக் கட்டிலோட பின்பக்கம் தூக்கிட்டுப் போகச் சொன்னதும் நான்தான்."

"என் மாமனாருங்க" என்றாள் அவள். "அன்னைக்குப் பூரா சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. நம்ம வீடு படத்துல வருதும்மான்னு."

"இப்ப எங்கம்மா இருக்காரு?"

"நடைபாதையிலதான். மேல பிளாஸ்டிக் ஷீட்டக் கட்டியிருக்கோம்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு நகர அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று கைகொடுத்தார். சங்கத்தில் சொன்னதை ஒன்றுவிடாமல் அங்கேயும் சொன்னார் எக்ஸ்ரேக்காரர். அதிகாரி தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம் சார். ஆனா வாய் வார்த்தைய ஃபைல்ல ஒட்ட முடியாதே. அவங்க இருந்த மாதிரி ஒரு படம் கொடுங்க, இன்னைக்கே எழுதிடுறேன்."

"அப்படி ஒண்ணு விழுந்துடக் கூடாதுன்னுதானே சார் அத்தன பாடுபட்டேன்!"

"அப்ப என்ன பண்றது? நாளைக்கு இடிக்க வர்றாங்க." அதிகாரி சங்கடத்தோடு சிரித்தார். பிறகு, வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாதவர் போல, அலமாரியிலிருந்து கண்காட்சிப் படத்தின் பெரிய பிரதியை எடுத்து மேஜையில் விரித்தார். "இடம் போனாலும் இது இருக்கும் சார். என் ரூம்ல மாட்டப்போறேன். கீழ ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்களேன்."

எக்ஸ்ரேக்காரர் பேனாவை வாங்கினார். அதன் முனை கீழ் ஓரத்துக்குப் போகவில்லை. இடதுபக்கத் தூணில் அழுத்தி வைத்து, வெயில் விழும் வெற்று முற்றத்தின் குறுக்கே வலதுபக்கத் தூண்வரை ஒரு கோடு இழுத்தார்.

"சார்! சார், என்ன பண்றீங்க?"

"இந்தத் தூண்லதானே தங்கச்சி, கொடி கட்டியிருந்தீங்க?" என்று நிமிராமலே கேட்டுவிட்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே, கட்டிலின் முதல் காலை வரைந்தார்.