டீயோடு விழுங்கிய மாத்திரை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டர், அவர் பக்கத்தில் நின்ற நர்ஸ், என் வீட்டுக்காரர், நாத்தனார், நான்.

இரண்டு வருஷம் முன்பு, சித்திரை மாதம். வில்லியனூர் ரோட்டில் ஒரு கிளினிக். அதற்கு முந்தின கார்த்திகையில் கழுத்தில் கட்டி என்று தைராய்டை முழுசாக எடுத்துவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் மாத்திரை என்றார்கள். சரி என்றேன். தைராய்டுக்கு ஒன்று, கூடவே கால்சியம் ஒன்று.

எனக்கு ஏம்பலம் பக்கம். நடவு வேலை. விடியும் முன்னே வண்டி வந்துவிடும். எங்கள் நடவு செட்டில் யாரும் வெறும் வயிற்றோடு ஏற மாட்டோம். ஒரு சொம்பு டீ உள்ளே போக வேண்டும். அந்த டீயிலேயே இரண்டு மாத்திரையையும் விழுங்கிவிடுவேன்.

முகம் வீங்கியது. குரல் கட்டையாகிப் போனது. வெயிலிலும் குளிர் எடுத்தது. ஒரு நாள் நாற்றுக்கட்டைப் பிடித்தபடியே வரப்பில் தூங்கிவிட்டேன். செட்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

டாக்டர் ஒவ்வொரு தடவையும் ரத்தம் பார்ப்பார், அளவைக் கூட்டுவார். நூறு என்று இருந்தது நூற்று இருபத்தைந்து ஆனது. அன்று நூற்றைம்பது என்று எழுதிக்கொண்டே என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

“மாத்திரைய ஒழுங்கா போடறாங்களா?”

விழுங்குவது நான். கேட்டது அவரை.

“தெனம் காலையில டீயோட போட்டுக்குது சார். நானே பாக்கறன்.”

நாத்தனார் விடவில்லை. “வேலன்னு சொன்னாதான் இவளுக்கு ஒடம்புக்கு வந்துடும். மூஞ்சியப் பாருங்க, பூசணிக்கா மாதிரி கீது. சீக்காளி மூஞ்சியா இது?”

டாக்டர் சிரித்தார். நர்சும் சிரித்தார். “சும்மா படுத்துக் கெடக்காதம்மா, நட” என்று டாக்டர் சொல்ல, நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நூற்றைம்பதும் கேட்கவில்லை. ஐப்பசியில் தனியாக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“மாத்திரைய எதோட போடறீங்க?”

“டீயோட.”

“கால்சியமும் சேத்தா?”

“ஆமா.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டீயும் கால்சியமும் அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாதாம். எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்து டீ. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கால்சியம். அளவையும் நூறுக்கே இறக்கினார். ஒன்றரை மாதம் கழித்து ரத்தம் பார்த்து, இதுவே போதும் என்றார்.

தை நடவுக்கு வண்டி ஏறினேன். டீயை இப்போது வரப்பில் உட்கார்ந்து குடிக்கிறேன்.

“இன்னாடி, மாத்திரைய மாத்திட்டாங்களா?” என்றாள் நாத்தனார்.

“இல்ல. டீய.”

வேலை திரும்பி வந்துவிட்டது. கோபம் மட்டும் ஆறவில்லை. மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு கேட்கிறது. டீயோடு என்று என் வீட்டுக்காரர் சொன்னது அந்த அறையில் எல்லார் காதிலும் விழுந்தது. எனக்கு விஷயம் தெரியாது. அவருக்கும் நாத்தனாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர்.