நாற்பது பேரில் எத்தனை பேர்

அமெரிக்காவின் ஒமாஹா நகர நீதிமன்றத்தில் மார்லா வோண்ட்ரா பதினோரு ஆண்டுகளாகச் சுருக்கெழுத்தர். யார் எவ்வளவு வேகமாகப் பொய் சொன்னாலும் அவள் விரல்கள் பின்தங்கியதில்லை. ஒரு வசந்த காலத்தில் கணைய அறுவை சிகிச்சை பற்றிய வழக்கு ஒன்று மூன்று வாரம் இழுத்தது. சாட்சிக்கு வந்த மருத்துவர்களின் சொற்களைப் பதிவு செய்வதோடு அவள் வேலை முடிந்துவிடும். ஆனாலும் மதிய இடைவேளையில் அவற்றுக்குப் பொருள் தேடிப் படிக்க ஆரம்பித்தாள். வழக்கு முடிந்தது, படிப்பு நிற்கவில்லை.

"டாக்டருக்குப் படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள், ஓர் இரவு சாப்பாட்டின்போது.

அவள் கணவன் ரஸ் கராஜ் கதவுகளைப் பழுதுபார்ப்பவன். வாயிலிருந்த உருளைக்கிழங்கை நிதானமாக மென்று முடித்தான். "சரி. முதுகு டாக்டரா ஆயிடு. எனக்கு உபயோகமா இருக்கும்."

சிக்கல் என்னவென்றால், அவள் வாங்கிய பட்டம் வரலாற்றில். வேதியியலும் இயற்பியலும் படிக்காதவளை எந்த மருத்துவக் கல்லூரியும் ஏறெடுத்துப் பார்க்காது. முப்பத்து நான்கு வயதில் அதையெல்லாம் முதலிலிருந்து படிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எட்டு மணி நேரப் பயணத்தில் இருந்த தனியார் பல்கலைக்கழகம். வேலையை விட்டுவிட்டுப் போனால் ஒரே ஆண்டில் முடியும். 'எங்கள் மாணவர்களில் தொண்ணூற்று மூன்று சதவீதம் பேர் மருத்துவக் கல்லூரியில்' என்று பளபளப்பான அட்டையில் அச்சடித்திருந்தார்கள். மற்றொன்று உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்புகள். அங்கே ஒற்றைத் தாள்தான் கொடுத்தார்கள், அதுவும் கோணலாக நகலெடுத்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் ரஸ். இருவரும் காரில் கிளம்பித் தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள்.

அறிமுகக் கூட்டத்தில் இயக்குநர் ஆல்டிங் அழகாகப் பேசினார். கேள்வி உண்டா என்றதும் மார்லா கையை உயர்த்தினாள்.

"அந்தத் தொண்ணூத்தி மூணு சதவீதம், சேர்ந்த எல்லாரையும் வச்சுப் போட்ட கணக்கா சார்?"

"மருத்துவக் கல்லூரிக்கு எங்க குழு சிபாரிசுக் கடிதம் குடுத்தவங்களை மட்டும் வச்சு."

"போன வருஷம் எத்தனை பேர் சேர்ந்தாங்க?"

"நாப்பது."

"கடிதம் எத்தனை பேருக்குக் கிடைச்சுது?"

ஆல்டிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினஞ்சு. அதுல பதினாலு பேருக்கு இடம் கிடைச்சிடுச்சு."

"மீதி இருபத்தஞ்சு பேர்?"

"அவங்க… வேற வழி பாத்துக்கிட்டாங்க."

பக்கத்தில் இருந்த, அங்கே சேர வந்திருந்த வங்கிக்காரர் ஒருவர் தன் அட்டையை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பாவம், அந்த மனுஷனைக் கூண்டுல ஏத்திட்டியே" என்றான் ரஸ், திரும்பும் வழியில்.

"நல்ல மனுஷன்தான். கேட்டதும் சொல்லிட்டாரு. யாரும் கேக்கலை, அவ்வளவுதான்."

அடுத்த வாரம் அதே கேள்வியோடு அரசுப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனாள். அங்கே பெர்னடீன் ஓக்ஸ் என்ற பெண்மணி இறைச்சி அடைத்த ரன்சா ரொட்டியைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அந்தக் கணக்கெல்லாம் எங்ககிட்ட இல்லம்மா. கெமிஸ்ட்ரியிலயே பாதிப் பேர் ஓடிடுவாங்க. தங்கினவங்க மூணு பேர் நம்பர் இருக்கு. அவங்ககிட்டக் கேட்டுட்டு தர்றேன், நீயே பேசிக்க."

மார்லா மூவரிடமும் பேசினாள். இருவர் மருத்துவக் கல்லூரியில் இருந்தார்கள். மூன்றாமவன் பல் மருத்துவத்துக்குத் தாவியிருந்தான். "செவ்வாய்க்கிழமை பிசிக்ஸ் வகுப்புல மட்டும் சேர்ந்துடாதீங்க. அந்த ஆளு போர்டுகிட்டதான் பேசுவாரு" என்றான் அவன்.

வியாழக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். பகலில் நீதிமன்றம், மாலையில் ஆய்வகம். முதல் வேதியியல் தேர்வில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுதான். காரில் உட்கார்ந்து அழுதுவிட்டு, மறுநாள் ஆசிரியரின் அறை வாசலில் போய் நின்றாள். மூன்று ஆண்டுகள் ஆயின. விண்ணப்பித்த முதல் முறை எல்லாக் கல்லூரிகளும் கைவிரித்தன. மறு ஆண்டு ஒன்று மட்டும் இடம் கொடுத்தது.

செய்தி வந்தபோது ரஸ் யாரோ ஒருவர் வீட்டில் ஏணி மேல் இருந்தான்.

"இறங்கட்டுமா, இல்ல இங்கருந்தே கேக்கலாமா?" என்றான் தொலைபேசியில்.

"இறங்கிடு" என்றாள் மார்லா.