சாமை பீரும் என் இரண்டு கண்களும்

ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் தன் கையிலிருக்கும் டம்ளரை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொள்வார். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. கல்யாணப் பந்தியில் பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தால்கூட, "நமக்குக் கள்ளக்குறிச்சிங்க" என்று சொன்னால் போதும், பக்கத்து இலைக்காரர் என் சோடாவை மோந்து பார்க்காத குறைதான். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து கிளம்பி, பாண்டிச்சேரியில் ஒரு சின்ன பீர் ஆலைக்கு ருசி பார்த்துக் கருத்துச் சொல்லப் போனவன் நான். அங்கே நடந்ததை என் மனைவி ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதில் பாதி மிகை. மிச்சப் பாதியை நானே எழுதிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் வருகை எல்லாவற்றுக்கும் நம்மிடம்தான் வருவார்கள். கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் தன் ஊர்த் திருவிழாவுக்குப் பேனர் அடிக்க வந்து, சாமி படம் கறுப்பாக வந்துவிட்டது என்று சண்டை போட்டு, அந்தச் சண்டையிலேயே நண்பரானார். என்னைவிட இளையவர். என்னை 'ணா' என்பார். மலையில் சாமை போடுகிறார்.

அருவி பார்க்க மலைக்கு வந்த ஒரு பெண் அவர் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டிருக்கிறாள். சாப்பிட்டவள் சும்மா போகவில்லை. "நான் பாண்டியில பீர் காய்ச்சுறேன். இதுல ஒரு பீர் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டு ஒரு மூட்டை வாங்கிப் போய்விட்டாள். சில வாரம் கழித்து ஃபோன். பீர் தயார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வருகிற ஆட்களுக்கு ஊற்றிப் பார்க்கப் போகிறாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இந்த வருஷ விளைச்சல் மொத்தத்தையும் அவளே எடுத்துக்கொள்வாள். தானியம் விளைவித்தவர் அன்றைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்பது அவள் வழக்கமாம்.

நண்பர் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"எடுத்துக்கினா அடுத்த மழைக்கும் சாமைதான்ணா. இல்லன்னா மரவள்ளிக் குச்சி நட்டுட வேண்டியதுதான். ஜவ்வரிசி மில்லுக்காரன் கொல்லையிலயே வந்து நிக்கிறான். ஆனா மரவள்ளி போட்டா மண்ணு செத்துப்பூடும்."

"சரிப்பா, போய்ட்டு வா. என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற?"

"நான் குடிக்க மாட்டேனேணா. சாமி மேல சத்தியம் பண்ணிக்கீறேன். சாமை என்னுது, நாக்கு உங்கள்து. வாங்க."

என் நாக்கின் நிலைமை அவருக்குத் தெரியாது. அந்த ஜூன் மாதம், எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் சாவு விழுந்துகொண்டே இருந்த வாரம், என் கடை மெஷினில் கண்ணீர் அஞ்சலியைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. ஃபோனில் படத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எல்லாம் யாருடைய கல்யாணத்திலோ எடுத்தவை, எல்லாவற்றிலும் சிரிப்பு. ஓரத்தில் தெரிந்த கல்யாண மாலையை வெட்டிவிட்டு, நான் வேறு மாலை போட்டுக் கொடுத்தேன். அதோடு பாட்டிலைத் தொடுவதை விட்டேன். வீரமெல்லாம் இல்லை, சுத்தப் பயம். டிவியில் அந்த வாரம் முழுக்கச் சொன்ன மூன்று அடையாளமும் எனக்கு மனப்பாடம். வயிறு முறுக்கும், தலை சுற்றும், கண் மங்கும். என் வயதில் இந்த மூன்றும் இல்லாத ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆனாலும் நண்பர் கேட்டபோது "வந்துட்டா போச்சு" என்று சொல்லிவிட்டேன். ஊரில் எனக்கு ஜாலியான ஆள் என்று பெயர். அதைக் காப்பாற்ற வேண்டாமா?

வீட்டில், "சாமை விஷயமா பாண்டி வரைக்கும் போறேன்" என்றேன்.

"சாமை விஷயமா யாருனா பாண்டிக்குப் போவாங்களா?" என்றாள் மனைவி. முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்தவள், "போ. ஆனா கண்ணோட வூடு வந்து சேரு" என்றாள். அந்த வார்த்தை என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

நண்பர் மாதிரிக்கு ஒரு சின்ன மூட்டைச் சாமையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். விழுப்புரத்தில் இறங்கி மாறும்போது, பயத்தில் எனக்கு அகோரப் பசி. பயந்தால் சிலருக்கு வேர்க்கும், எனக்குப் பசிக்கும். போண்டாவை ஒரு பிடி பிடித்தேன். "போதும்ணா, பஸ்ஸு எடுக்கறான்" என்று நண்பர் சட்டையைப் பிடித்து இழுக்கும்வரை பிடித்தேன். இந்தப் போண்டா பின்னால் வரும், ஞாபகத்தில் வையுங்கள்.

ஆலையைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பளபளவென்று எவர்சில்வர் தொட்டிகள், பால் சொசைட்டியில் இருப்பது மாதிரி. அந்தப் பெண்ணும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெரிய கூடம், மேசைகள், ஆட்கள். கூடத்தின் கோடியில் ஒரு கரும்பலகை. அதில் அன்றைக்கு இருக்கும் பீர்களின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் கீழே புதுசாக எழுதியிருந்தது: 'சாமை - கல்வராயன் மலை'. நண்பர் அதைப் படித்துவிட்டு மூட்டையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார்.

குழி வைத்த மரப்பலகையில் சின்னச் சின்ன கிளாஸ்கள் வந்தன. "மொதல்ல மோந்து பாருங்கண்ணா. அப்புறம் நாக்குல வச்சுக்குங்க. ஒடனே முழுங்காதீங்க" என்றாள். எனக்கு அது பாடம் மாதிரி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும்போது சொல்வது மாதிரிக் கேட்டது.

முதலில் கோதுமை பீர். கலங்கலாக இருந்தது. கலங்கல் என்றதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏம்மா, தெளிய வைக்கலியா?"

"அது அப்படித்தாண்ணா இருக்கணும்."

மோந்தேன். வாழைப்பழம். ஒரு மிடறு குடித்தேன். பஞ்சாமிர்தத்தில் யாரோ கோலி சோடாவை உடைத்து ஊற்றிய மாதிரி, கடைசியில் ஒரு கிராம்புக் காரம். அட! இன்னொரு மிடறு. இரண்டாவது, நெல்லிக்காய் போட்டது. பல் கூசியது, காது மடல் சிலிர்த்தது, பள்ளிக்கூட வாசலில் உப்பு தொட்டுத் தின்றது அத்தனையும் ஒரே வாயில் வந்தது. மூன்றாவது கறுப்பு. கடுங்காப்பியில் வேர்க்கடலைத் தோலைக் கருக்கிப் போட்டால் என்ன ருசி வருமோ அது. வறுத்த வாணலியின் அடியை நக்கின மாதிரி இருந்தாலும் விட மனசில்லை. மூன்று கிளாஸில் எனக்குப் பழைய ஜாலி ஆள் திரும்பி வந்துவிட்டான். பக்கத்து மேசைக்காரர்களோடு பேச்சு, சிரிப்பு. நண்பர் எலுமிச்சை சோடாவை உறிஞ்சிக்கொண்டே, "ணா, நம்மளுத குடிங்கணா" என்று என் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியாகச் சாமை பீர். இளம் மஞ்சள். எல்லா மேசைக்கும் ஒரே நேரத்தில் அதுதான் வந்தது. நண்பர் என் முகத்தையே பார்த்தார். அவருடைய வருஷ விளைச்சல் மொத்தமும் என் மூக்குக்குக் கீழே இருந்தது.

உமியின் வாசனை. புடைக்கும்போது முகத்தில் வந்து ஒட்டுமே, அந்த வெதுவெதுப்பான தூசி வாசனை. வாயில் வைத்தால் கஞ்சித் தெளிவு மாதிரி மெத்தென்று இறங்கி, நுனி நாக்கில் ஒரு பொட்டுத் தேன். "யப்பா, இது..." என்று சொல்ல வாய் திறந்தேன்.

வயிறு முறுக்கியது.

ஒன்று. அடக்கிக்கொண்டேன். தலை லேசாகச் சுற்றியது. இரண்டு. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கோடியிலிருந்த கரும்பலகையைப் பார்த்தேன். எழுத்து மங்கியது. இன்னும் மங்கியது. கூடம் முழுவதும் மெதுவாக, மெதுவாக, இருட்டத் தொடங்கியது.

"கண்ணு போச்சுடா! ஐயோ, கண்ணு மங்குதே! ஆம்புலன்ஸக் கூப்புடுங்க!"

"ணா! இன்னாணா ஆச்சு?"

"நீ எங்கப்பா கீற?"

"உங்க கையதாங்ணா புடிச்சிக்கினு கீறேன்!"

இருட்டில் யாரோ, "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத என் நண்பர் பணிவாகச் சொன்னார்: "கள்ளக்குறிச்சிங்க."

அவ்வளவுதான். அத்தனை மேசையிலும் கிளாஸ்கள் டொக் டொக்கென்று கீழே இறங்கின. வாயிலிருந்ததை ஒருவர் கர்ச்சீப்பில் துப்பினார். ஒருவர் கழிவறைக்கு ஓடினார்.

பூட்ஸ் சத்தத்தோடு அந்தப் பெண் ஓடி வந்தாள். "லைட்ட ஏத்துங்க! மொதல்ல லைட்ட ஏத்துங்க!"

வெளிச்சம் வந்தது. "தெரியுது! எனக்குக் கண்ணு தெரியுது!" என்று நண்பரைக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

"அண்ணா, அது லைட்டு" என்றாள் அவள். "பொழுது சாஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்ணுவோம். தெனமும்."

நான் விடவில்லை. "வயிறு முறுக்குதே?"

"விழுப்புரத்துல போண்டா தட்டையே காலி பண்ணாருங்க" என்றார் நண்பர்.

"தல சுத்துதே?"

"அது பீருண்ணா" என்றாள் அவள். "அதுக்குத்தான் எல்லாரும் காசு குடுக்குறாங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். ஆனால் கிளாஸை யாரும் கையில் எடுக்கவில்லை. நிறைந்த சாமை பீர் மேசை மேசையாக நுரை அடங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பெயர் கூடத்தின் நடுவில் கொட்டிக் கிடந்தது. அதை எந்தத் துணியால் துடைப்பது? நண்பர் சுவரோரம் போய்த் தன் மூட்டைப் பக்கத்தில் குந்திக்கொண்டார். "பரவால்லணா. மரவள்ளியே நட்டுக்கிறேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, நாற்காலி மேல் ஏறிவிட்டேன்.

"ஐயா, அம்மா! நமக்குக் கள்ளக்குறிச்சிதான். அந்த ஊர்லயே என்னாட்டம் பயந்தாங்கொள்ளி கெடையாது. பயந்தவனே குடிச்சா நீங்க குடிப்பீங்களா? ஏம்மா, லைட்ட கம்மி பண்ணு!"

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினாள். கூடம் மறுபடி இருட்டியது. சாமை பீரை ஒரே மூச்சில் குடித்தேன். உள்ளுக்குள் 'லைட்டுதான், லைட்டுதான்' என்று மந்திரம். பிறகு இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிப் பலகையை உரக்கப் படித்தேன்.

"கோதுமை! நெல்லிக்காய்! கறுப்பு! சாமை, கல்வராயன் மலை!"

"அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கே, அது?" என்றார் கர்ச்சீப்காரர்.

எறும்பு ஊர்வது மாதிரி ஏதோ இருந்தது. "அது வெறும் தண்ணி குடிச்சாலும் எனக்குத் தெரியாதுங்க!"

கூடம் சிரித்தது. கர்ச்சீப்காரர் தன் கிளாஸை எடுத்தார். ஒரு மிடறு குடித்தார், யோசித்தார், இன்னொரு மிடறு குடித்தார். கண்ணைச் சுருக்கிப் படித்தார்: "'கையிருப்பு தீரும் வரை'!"

ஒரே கைதட்டல். பிறகு என்னவென்று சொல்வது? அது விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு மேசையாக எழுந்து, ஒரு மிடறு குடித்துப் பலகையைப் படித்தார்கள். ஒரு பெண் கடைசியிலிருந்து தலைகீழாகப் படித்தாள். ஒருவர் பலகைக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரையும் சேர்த்துப் படித்தார். கழிவறைக்கு ஓடியவர் திரும்பி வந்து, தன்னை ஏன் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இந்தத் தடவை போண்டா மேல் பழி போடவில்லை.

ஒரு கட்டத்தில் அந்தப் பெண் ஈரத் துணியோடு போய்ப் பலகையில் 'சாமை' வரியைத் துடைத்தாள். நண்பர் பதறி எழுந்தார். "இன்னாம்மா, ஏன் அழிக்கற?"

"தீந்துபோச்சுண்ணா" என்றாள். "மலையில எவ்வளவு போட்டிருக்கீங்க?"

வீட்டுக்கு வந்ததும் மனைவி தினசரி காலண்டரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, "படி" என்றாள். ராகு காலம், குளிகை, எமகண்டம், சூலம் எல்லாம் படித்தேன். கடைசியில் சந்திராஷ்டமமும் படித்த பிறகுதான் சோறு போட்டாள்.

அறுவடை முடிந்து மினி லாரியில் சாமையை ஏற்றிக்கொண்டு நாங்கள் மறுபடி போனோம். மூட்டைகளை இறக்கிவிட்டு அதே மேசையில் உட்கார்ந்தோம். பலகையில் சாமை மறுபடி ஏறியிருந்தது. வெளியே பொழுது சாய்ந்ததும், பரிமாறுகிறவர் ஒவ்வொரு மேசையாகப் போய்க் குனிந்து சொன்னார்: "லைட்டத்தாங்க கம்மி பண்றோம். பயப்படாதீங்க." அந்தச் சனிக்கிழமையிலிருந்து அது அங்கே வழக்கமாம். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

விளக்கு இறங்கத் தொடங்கியது. மேசைக்கு அடியில் நண்பரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

"ணா, லைட்டுதாங்ணா."

"தெரியுதுப்பா. சும்மா கீறியா?"